கூரை இல்லாத மாப்பிள்ளைக் கார்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரின் கூரையை நான் வெட்டவில்லை. வெட்டச் சொன்னேன், அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்தும் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தக் காரை வெட்டுனவருதானுங்களே நீங்க?" என்று கேட்கிறார். ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு ரசத்தைக் குடிக்கிறேன். வேறு என்ன செய்ய முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. கோயமுத்தூர் கணபதியில் எங்களுக்குப் பம்புசெட் பவுண்டரி இருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. பவுண்டரிக்கும் வீட்டுக்கும் போய்வர அப்பா ஒரு சின்னக் கார் வாங்கியிருந்தார். எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர், முன்னால் இரண்டு கதவு, பின்னால் இரண்டு கதவு, டிக்கிக்கு ஒரு கதவு, வெள்ளை நிறம். ஊரில் இரண்டு தெருவுக்கு ஒன்று அதே மாதிரி நிற்கும். அப்பாவுக்கு அது கார். எனக்கு அது ரேஸ் கார், என்ன, அந்த விஷயம் காருக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் உக்கடத்துப் பழைய புத்தகக் கடை. அங்கே சீமைக் கார்ப் பத்திரிகைகள் கிடைக்கும். இரண்டு மூன்று வருடம் பழசு, அட்டை கிழிந்திருக்கும், உள்ளே படம் மட்டும் பளபளவென்று இருக்கும். நம்ம கார் மாதிரியே குள்ளமாக, டிக்கி நீட்டாமல் பின்பக்கம் வெட்டினாற்போல முடிகிற கார்கள். ஆனால் கீழே பதிந்து, அகலமான டயர் போட்டு, பின்னால் இறக்கை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஒரு சக்கரத்தைத் தூக்கியபடி வளையும். அதே காரில் கூரையில்லாத ரகமும் உண்டு. துணிக்கூரையை மடித்துப் பின்னால் வைத்துவிட்டு, கழுத்தில் துணி கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டு ஓட்டுவாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து பவுண்டரி ஆபீஸ் அறையில் ஒட்டியிருந்தேன். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ நிறைய எழுதியிருந்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை. இந்த ஒரு வரியில் என் வாழ்க்கையின் பாதித் தவறுகள் அடங்கிவிடும்.

காரை மாற்ற ஆரம்பித்தேன். முதலில் இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டை. அடுத்து பின் கண்ணாடியில் 'டர்போ' என்று ஒரு ஸ்டிக்கர். டர்போ எதுவும் காரில் இல்லை, ஆனால் ஸ்டிக்கர் நல்ல பெரிசு. சைலன்சரைக் கழற்றிவிட்டு, பம்புக்குப் போடுகிற இரண்டு இஞ்சுக் குழாயை வளைத்து மாட்டினோம். கார் கிளம்பினால் பக்கத்து வீட்டம்மா உழவு டிராக்டர் வந்துவிட்டது என்று வாசலுக்கு வருவார்.

பிறகு இறக்கை. படத்தில் இருப்பது போலவே மரத்தில் அச்சுச் செய்து, அலுமினியத்தில் வார்த்துத் தரும்படி எங்கள் பவுண்டரியில் வார்ப்பு எடுக்கிற மோல்டரிடம் கொடுத்தேன். அன்று உலையில் இருந்தது இரும்பு. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இரும்பிலேயே வார்த்துக் கொடுத்துவிட்டார். தூக்கிப் பார்த்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அலுமினியம்னு சொன்னேனுங்களே?"

"இரும்புன்னா நின்னு பேசுமுங்க" என்றார்.

அவர் மனம் நோகக் கூடாதே என்று அதையே மாட்டினேன். அன்றிலிருந்து காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. முன் விளக்கு போட்டால் வெளிச்சம் வேப்பமரத்து உச்சியில் விழும். டிக்கிக் கதவைத் தூக்கினால் அது இறக்கையின் பாரம் தாங்காமல் மெதுவாக இறங்கி வந்து தலையில் தட்டும். வேகத்தைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவிநாசி ரோட்டுக்குப் போனேன். மில் முதலாளிகள் வீட்டுப் பையன்கள் உண்மையான ரேஸுக்கே போய்வருகிற ஊர் இது, நானும் சும்மா இல்லை என்று காட்ட வேண்டாமா. பூஜ்யத்திலிருந்து அறுபது போக எடுத்த நேரத்தில் ஒரு டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போய், ஸ்டாப்பில் நின்று, ஆளை இறக்கி, மறுபடி கிளம்பிவிட்டது. சத்தத்தில் மட்டும் நான்தான் முதல்.

இதெல்லாம் இருக்கட்டும். என் உண்மையான கஷ்டம் கார் இல்லை, கல்யாணம். அதுவரை ஆறு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. ஆறு வீட்டிலும் நல்ல காபி, நல்ல பலகாரம். எல்லாரும் வாசல்வரை வந்து, "சொல்லி அனுப்பறோமுங்க" என்று கும்பிட்டு வழியனுப்பினார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. ஏழாவதாகக் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போனோம்.

பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, எங்கள் இருவரையும் வாழைத்தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் பத்து நிமிடம் பேச விட்டார்கள். அவள் கல்லூரி முடித்து, அண்ணனோடு தோட்டத்துக் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகப் பார்த்துப் பேசினாள். பார்த்த ஒரு நிமிடத்தில் எனக்கு இவள்தான் என்று தெரிந்துவிட்டது. இது போனால் நான் தாங்க மாட்டேன் என்றும் தெரிந்துவிட்டது. அதனால் அவளைப் பார்க்காமல் மோட்டார் ரூமுக்குள்ளே பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது எங்கள் பம்பு இல்லை.

"என்னுங்க பாக்கறீங்க?" என்றாள்.

"பம்புங்க."

"நல்லா ஓடுதுங்க."

"ஆமாங்க."

பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் இப்படியே போய்விட்டது. பயத்தில் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பட்டை, குழாய், இறக்கை, எல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "அப்படீங்களா" என்றாள். சொல்லச் சொல்ல விஷயம் தீர்ந்துகொண்டே வந்தது. இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி. வாயில் தானாக வந்தது.

"அடுத்து கூரையை எடுத்துப்போட்டு ஓப்பன் காரா மாத்தப் போறேனுங்க."

சத்தியமாக அந்த நொடிவரை அப்படி ஒரு எண்ணம் எனக்கு இல்லை. சுவரில் படம் ஒட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

அவள் சிரித்தாள். "நல்லா இருக்குமுங்க. அப்ப மாப்பிள்ளை அழைப்புக்கு அதுலயே வந்துருங்க."

மாப்பிள்ளை அழைப்பு. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலில் இருந்து மண்டபத்துக்குத் திறந்த காரில் மேளதாளத்தோடு கூட்டி வருவதற்குப் பெயர் அது. அந்த வார்த்தையை அவளாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக் காபியில் சர்க்கரை இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மறுநாளே சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லாரும் ஜாதகம் பொருந்தியது என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்குத்தான் உண்மை தெரியும். அவள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். கூரையில்லாத காரில் போனால் மாப்பிள்ளை, கூரையோடு போனால் ஏழாவது வீட்டுப் பொய்யன்.

கோட்டைமேட்டில் ஒரு டிங்கர் பட்டறை இருந்தது. அந்தப் பட்டறைப் பாய் கையால் தட்டினால் நசுங்கிய தகரம் தானாக நிமிரும் என்பார்கள். அவரிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, சுவரில் இருந்து பிய்த்த படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாக்கலாமுங்க தம்பி" என்றார்.

"எப்பங்க ஆரம்பிக்கலாம்?"

"பாக்கலாமுங்க."

"இன்னும் நாப்பது நாள்தானுங்க இருக்குது பாய்."

"அப்படீங்களா. பாக்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். பாக்கலாமுங்க என்றால் முடியாது. நல்லா இருக்குமுங்க என்றால் எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லி அனுப்பறோமுங்க என்றால் இனி இந்தப் பக்கம் வராதே. தாய்ப்பாலோடு சேர்த்துக் குடித்த பாடம் இது. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று எனக்கு வேண்டிய பதிலை அந்த வார்த்தையில் நானே ஏற்றிக்கொண்டேன். மூன்றாம் முறை நான் போய் நின்றபோது பாய்க்கு வேறு வழியில்லை. வெட்டினார்.

வெட்டுவதற்கு முன் அவர் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "தம்பி, இந்த வண்டிக்கு அடியில சேஸ்னு தனியா இரும்புச் சட்டம் கெடையாதுங்க. தகரப் பொட்டி மாதிரிதான். மேல இருக்கறதும் சேந்துதான் புடிச்சிருக்குது."

நான் அவருக்கு விளக்கினேன். பம்பு செய்கிற குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு மூடி என்றால் வெறும் மூடிதான். நான்கு போல்ட்டைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும், கீழே பம்பு பம்பாகவே இருக்கும். ஜீப்புக்கும் துணிக்கூரையைக் கழற்றுகிறோம், ஜீப் என்ன உடைந்தா போய்விட்டது? இதையெல்லாம் நாற்பது வருடம் தகரத்தோடு வாழ்ந்த மனிதரிடம் நான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுஞ் சரிதானுங்க" என்றார்.

டிக்கிக் கதவு கூரையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது கூரை போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் அதையும் எடுத்துவிட்டு, பின்பக்கத்தைத் தகரம் வைத்து அடைத்து, அதன்மேல் அந்த இரும்பு இறக்கையைப் போல்ட் போட்டு முறுக்கினார். கதவுகளின் கண்ணாடிச் சட்டங்களும் போயின. முன் கண்ணாடி மட்டும் தனியாக நின்றது. சிவப்புப் பெயிண்ட் அடித்து வெளியே தள்ளி நிறுத்தியபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகாக இருந்தது. பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "பாரம் மட்டும் கொஞ்சம் பாத்து ஏத்துங்க தம்பி" என்றார்.

வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்பா வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னொரு சுற்று வந்தார்.

"காத்து நல்லா வருமாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மா மட்டும், "மழை பேஞ்சா என்ன கண்ணு பண்ணுவ?" என்றார். குடை வைத்துக்கொள்வேன் என்றேன். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வாரம் அப்பா பவுண்டரிக்குச் சைக்கிளில் போனார். உடம்புக்கு நல்லதாம்.

மாப்பிள்ளை அழைப்பு நாளன்று காலையில் நான் மட்டும் காரை ஓட்டிக்கொண்டு கோபிக்குக் கிளம்பினேன். மற்றவர்கள் வேனில் வந்தார்கள். அன்னூர் தாண்டும்வரை ராஜா மாதிரி இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். புளியம்பட்டிக்கு முன்னால் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கும்போது காரின் நடுவில் எங்கோ 'கிர்ர்' என்று ஒரு சத்தம். முன் கண்ணாடியின் மூலையில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. நம்பியூர் தாண்டும்போது கவனித்தேன், நான்கு கதவுகளும் முன்னைவிட நன்றாக இறுகி மூடியிருந்தன. முதலில் இருந்த கடகட சத்தம் நின்றுவிட்டது. கார் பழகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

உண்மையில் அது நடுவில் வளைய ஆரம்பித்திருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் கார் பூ அலங்காரத்தோடு நின்றது. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, மாலை, நெற்றியில் சந்தனம். ஓட்டுவதற்கு என் பெரியப்பா மகன் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மண்டபம் முந்நூறு அடி தூரம்தான். அப்போதுதான் என் சித்தப்பாமார் நான்கு பேர் வந்தார்கள். நால்வரும் கரும்பாலை வைத்திருக்கிறவர்கள், வெல்லத்தை ருசி பார்த்தே வளர்ந்தவர்கள். ஒருவர் உட்கார்ந்தால் பெஞ்சில் இன்னொருவருக்கு இடம் இருக்காது.

"கண்ணு, நாங்களும் இதுல ஒரு வட்டம் வாரோமே" என்றார் மூத்தவர்.

பாய் சொன்னது ஞாபகம் வந்தது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சித்தப்பாவிடம், கல்யாணச் சமயத்தில், ஊர் பார்க்க, எப்படிச் சொல்வது? "ஏறிக்கோங்க சித்தப்பா" என்றேன். மூன்று பேர் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான்காமவர் அவர்களுக்குப் பின்னால், இரும்பு இறக்கைமேல், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி அமர்ந்தார். என் காலுக்குக் கீழே தரை மெதுவாக இறங்குவதை உணர்ந்தேன்.

மேளம் முன்னால் போக, கார் உருண்டது. முந்நூறு அடியும் கீழே ரோட்டை ஏதோ உரசும் சத்தம் கேட்டது. தவிலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், வெளியே யாருக்கும் கேட்கவில்லை. மண்டபத்து வாசலில் இருநூறு பேர் நின்றார்கள். மாடி ஜன்னலில் பெண்கள் கூட்டம். அதில் அவளும் நின்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாக்குக் கொடுத்தபடி கூரையில்லாத காரில் வந்துவிட்டேன் இல்லையா.

பெண்ணின் அண்ணன் வந்து கதவைத் திறந்து, கையைப் பிடித்து மாப்பிள்ளையை இறக்க வேண்டும். அதுதான் முறை. மச்சான் வந்தார். சிரித்தார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அவர் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, யாரும் கவனிப்பதற்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கதவு கொஞ்சம் டைட்டா இருக்குதுங்க மாப்ள."

"புதுசுங்க. அப்படித்தானுங்க இருக்கும்."

"அந்தப் பக்கம் பாக்கலாமுங்களா?"

அந்தப் பக்கமும் வரவில்லை. நான்கு கதவும் வரவில்லை. கார் நடுவில் தொய்ந்து, கதவுகள் எல்லாம் கிட்டித்துக்கொண்டன. ஆலாத்தித் தட்டோடு வந்த அம்மணி கற்பூரம் எரிய எரிய நின்றார். சித்தப்பாமார் நிலைமையைப் புரிந்துகொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்துப் பின்பக்கமாக இறங்கினார்கள். அதற்கே ஒரு ராகம் முடிந்துவிட்டது. அவர்கள் இறங்கினாலும் தகரம் நிமிரவில்லை. வளைந்தது வளைந்ததுதான்.

பேண்ட் போட்டிருந்த பெரியப்பா மகன் கதவைத் தாண்டிக் குதித்துவிட்டான். நானும் தாண்டிக் குதித்திருக்கலாம். பட்டு வேட்டியில் காலை அகட்ட முடியாது. கடைசியில் மச்சானும் அவர் கூட்டாளி ஒருவரும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து, "மெதுவா வாங்க மாப்ள" என்று என்னைத் தூக்கினார்கள். நான் மேலே போனேன். வேட்டி வரவில்லை. கண்ணாடிச் சட்டத்தை வெட்டிய இடத்தில் ஒரு தகர முனை அதைப் பிடித்துக்கொண்டது.

ஆக, கோபி மண்டபத்து வாசலில், மேளம் முழங்க, கழுத்தில் மாலையோடு, கோடு போட்ட டவுசரில் நான் ஆகாயத்தில் இருந்தேன்.

அங்கே இருந்த இருநூறு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எங்கள் ஆட்களின் பெருமை. எல்லாரும் ஒரே நேரத்தில் எதிரே இருந்த தென்னை மரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் இந்த வருடம் மஞ்சள் விலை என்ன என்று கேட்டார். மேளக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். என்னைக் கீழே இறக்கி, யாரோ ஒரு துண்டைக் கட்டிவிட்டு, ஆலாத்தி சுற்றி, "உள்ள வாங்க" என்று கூட்டிப்போனார்கள். ஒன்றுமே நடக்காத மாதிரி. அவர்கள் வாய்விட்டுச் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருப்பேன். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. போய் உன் வீட்டில் இவன் வேண்டாம் என்று சொல்லிவிடு என அவள் மனசு சொல்லிக்கொண்டிருக்கும் என்றே நினைத்தேன்.

காலையில் முகூர்த்தம். அவள் வந்து உட்கார்ந்தாள். தலை குனிந்திருந்தாள். தாலி கட்டும்போது அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர். அழுகிறாள் என்று நினைத்தேன். வாழ்க்கை போச்சு என்று அழுகிறாள். பெற்றவர்களுக்காகத் தலையை நீட்டியிருக்கிறாள். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்காமல் மூன்று முடிச்சையும் போட்டு முடித்தேன்.

மூன்றாம் நாள் கோயமுத்தூருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் மச்சான் உள்ளூர்ப் பட்டறையில் சொல்லி, காரின் அடியில் இரண்டு இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் அடித்துத் தயார் செய்துவிட்டார். ஆங்கிள் வைத்ததில் கதவுகள் நிரந்தரமாக மூடிக்கொண்டன. ஏறி இறங்க ஒரு முக்காலி கொடுத்தார். நாங்கள் வேறு வண்டியில் போகிறோம் என்று நான் சொல்லியிருக்கலாம், அவர்களும் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை காரை மாப்பிள்ளை வேண்டாம் என்பாரா என்று அவர்கள் சும்மா இருந்தார்கள். இவ்வளவு செய்திருக்கிறாரே என்று நான் சும்மா இருந்தேன். இருவருக்கும் மறுபடி மாலை போட்டு வழியனுப்பினார்கள். அவள் முகூர்த்தப் பட்டோடு முக்காலியில் ஏறி உள்ளே இறங்கி, மடியில் ஒரு கறுப்புக் குடையை வைத்துக்கொண்டாள்.

பங்குனி மாத வெயில். பதினொரு மணி. ஊர் எல்லை தாண்டியதும் குடையை விரித்தாள். நம்பியூருக்கு முன்னால் காற்று அதைப் புரட்டிவிட்டது. சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டாள். நான் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. ஒரு மாட்டு வண்டிக்காரர் எங்களைத் தாண்டலாமா என்று யோசித்துவிட்டு, மரியாதைக்குப் பின்னாலேயே வந்தார்.

"தலை வலிக்குதுங்களா?" என்றேன்.

"கொஞ்சமுங்க."

"வெயில் ஆகாதுங்களா?"

அவள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். "சின்ன வயசிலிருந்தே ஆகாதுங்க. வெயில்ல போனா ஒத்தைத் தலைவலி வந்துரும். தோட்டத்துக்கே காலையில போயிட்டு ஒம்பது மணிக்குள்ள ஊட்டுக்கு வந்துருவேன்."

காரை ரோட்டோரமாக நிறுத்திவிட்டேன். "அப்பறம் எதுக்குங்க அன்னைக்கு ஓப்பன் கார்லயே வாங்கன்னு சொன்னீங்க?"

"நீங்க அவ்வளவு ஆசையா சொல்லிட்டு இருந்தீங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? நல்லா இருக்குமுங்கன்னு சொன்னேன்." பிறகு மெதுவாகச் சேர்த்தாள். "நெசமாலுமே வெட்டிப்போடுவீங்கன்னு நெனைக்கலீங்க."

"நானும் ஆசைப்பட்டெல்லாம் சொல்லலீங்க" என்றேன். "என்ன பேசறதுன்னே தெரியல. ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. மணவறையில் பார்த்த அதே குலுக்கல். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அன்றும் அவள் அழவில்லை. டவுசரை நினைத்து வந்த சிரிப்பைத் தாலி ஏறும்வரை அடக்கியிருக்கிறாள். இப்போது அடக்கவில்லை. முக்காடு நழுவ, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தாள். மூன்று நாளில் எனக்கு முன்னால் சிரித்த முதல் மனுஷி அவள்தான். பின்னால் நின்ற மாட்டு வண்டிக்காரர் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நாளும் நெஞ்சில் இருந்த பாரம் போனதில் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. "கவலைப்படாதீங்க. பாய்கிட்டச் சொல்லி, மேல கம்பி வளைச்சு, நல்ல தார்ப்பாய்த் துணியில ஒரு கூரை போட்டுடலாமுங்க. மடிக்கிற மாதிரி. பின்னால இறக்கையக் கொஞ்சம் ஒசத்தினா..."

"வேண்டாம்" என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் என் முகத்துக்கு நேரே யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மோல்டர் சொல்லவில்லை, பாய் சொல்லவில்லை, அப்பா சொல்லவில்லை. ஆறு வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. கோபம்கூட வரவில்லை எனக்கு. யாரோ கையைப் பிடித்துக் கரையில் ஏற்றியது போல இருந்தது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முக்காலிகூடக் கேட்காமல், கதவைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி நின்றாள். ரோட்டோரம் ஒரு தறிக்குடோன். அங்கே நின்றவரிடம் போய், "அண்ணா, இந்தக் காரு சாயங்காலம் வரைக்கும் இங்க இருக்கட்டுமுங்களா? எங்கண்ணன் வந்து எடுத்துக்குவாரு" என்றாள். அவர் காரைப் பார்த்தார். "இருக்கட்டுமுங்க, அதுக்கென்ன" என்றார்.

நான் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்து நின்றாள்.

"எனக்கு இந்தக் காரு வேண்டாமுங்க. நீங்க மட்டும் வாங்க."

மாலையோடு தாண்டிக் குதித்தேன். வேட்டி இந்த முறை என்னோடு வந்தது. கோயமுத்தூர் போகிற பஸ் கூட்டமாக வந்தது. பட்டுச் சேலையையும் மாலையையும் பார்த்துவிட்டு இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் ஜன்னலோரம் நிழல் பக்கமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்டக்டர் என்னிடம் வந்து எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கண்ணைத் திறக்காமலேயே அவள் சொன்னாள்.

"ரெண்டு கோயமுத்தூருங்க."